கேனின் அடியில் ஒரு பொட்டு

போன வாரம் பூஜாவைச் சமையலறை வாசலில் காபித் தட்டோடு நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டோம். பாவம், ஒரு வாரமாக அங்கேயேதான் நிற்கிறாள். கூடத்தில் மாமனாரும் கணவனும் வக்கீலும் பேசுவது காதில் விழுகிறது. உள்ளே போகவும் மனமில்லை, திரும்பிப் போகவும் மனமில்லை.

இந்த வாரம்தான் இந்த வீட்டுக்குள் முதன்முதலாக நுழைகிறவர்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிற ஊர் இது. பஞ்சாட்சரம் இங்கே பழைய நிலக்காரர். ஊர் முழுக்கத் தண்ணீர் உப்புக் கரிக்கும். அவர் கழனியில் போட்ட போரில் மட்டும் வாயில் வைக்கிற மாதிரித் தண்ணீர் கிடைத்தது. மகன் தினகரன் அங்கேயே ஒரு ஆர்.ஓ. பிளான்ட் போட்டான். கேன் தண்ணீர் ஊருக்குள்ளும் போனது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனிக்கும் போனது.

அங்கேதான் வம்பு பிறந்தது. ஒரு வீட்டில் காலியான கேன் பிளான்ட்டுக்குத் திரும்பி வரும். கழுவி நிரப்பினால் மறுநாள் வேறு வீட்டுக்குப் போகும். நேற்று காலனியில் இருந்த கேன் இன்று நம் வீட்டுக்கா என்று ஊருக்குள் முணுமுணுப்புக் கிளம்பியது. முதலில் முணுமுணுத்தது வேறு யாருமில்லை, பஞ்சாட்சரத்தின் மனைவி ஆதிலட்சுமிதான்.

அதற்கு வழி சொன்னவள் மருமகள் பூஜா. பி.காம். படித்தவள், கெட்டிக்காரி, யார் மனமும் நோகக்கூடாது என்று நினைப்பவள். காலனிக்குப் போகும் கேன்களுக்கு அடியில் ஒரு சின்னப் பொட்டு வைத்துவிட்டால் கலக்காது, காலனிக்காரர்களுக்கும் தெரியாது, தண்ணீரும் நிற்காது என்றாள். பெயிண்ட் என்றால் கழுவக் கழுவ உரிந்துவிடும் என்று தன்னுடைய மெரூன் நெயில் பாலிஷையே எடுத்துக் கொடுத்தாள். கேன் கழுவுகிற ஏசுதாஸ் பொட்டு வைத்தார். அவர் வீடும் காலனியில்தான் இருக்கிறது.

முணுமுணுப்பு நின்றது. மருமகளுக்கு மூளை ஜாஸ்தி என்று ஆதிலட்சுமி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பூஜாவுக்கு அன்று பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமைதான் இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

ஏனென்றால், ஏசுதாஸின் அண்ணன் மகள் பிரிஸ்கில்லா ஜெபக்கூட்டத்துக்காக நாலு வீட்டுக் கேன்களை ஓரிடத்தில் கவிழ்த்து அடுக்கியபோது பொட்டைப் பார்த்துவிட்டாள். பஸ் நிறுத்தத்து டீக்கடைக் கேனைத் தூக்கிப் பார்த்தாள், அதில் இல்லை. தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்தாள். கோபத்தில் தினகரன் காலனிக்குத் தண்ணீர் போடுவதையே நிறுத்திவிட்டான். இன்று மதியம் விசாரணை.

இப்போது காபி ஆறுவதற்குள் கூடத்துக்குப் போவோம்.

பஞ்சாட்சரம் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். எதிரே மோகன். செங்கல்பட்டு கோர்ட்டில் வக்கீல், ஆதிலட்சுமியின் தம்பி மகன்.

"பஞ்சாயத்துக் குழாயில பாகுபாடு பண்ணா கேளு, அது கவர்மென்ட்து" என்றார் பஞ்சாட்சரம். "இது என் போரு, என் கேனு, கரண்ட்டு பில்லு நான் கட்டறேன். எவனுக்கு எப்டி விக்கணும்னு என் இஷ்டம். புடிச்சா வாங்கு, இல்லன்னா போ. இதுல உரிமை எங்கருந்து வந்துச்சு?"

மோகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"மத்த உரிமைங்க பெரும்பாலும் அப்டித்தான் மாமா. கவர்மென்ட்டைத்தான் கேக்க முடியும். தீண்டாமை மட்டும் அப்டி கெடையாது. அரசியல் சட்டத்துல பதினேழாவது ஷரத்து. யார் பண்ணாலும் குத்தம். கடைக்காரன் பண்ணாலும் குத்தம், ஓட்டல்காரன் பண்ணாலும் குத்தம், வூட்டுக்காரன் பண்ணாலும் குத்தம்."

"என் சொத்துலயுமா?"

"உங்க சொத்துதான். ஊருக்கே விக்கிறீங்களே, மாமா. வித்தா அது கடை."

பஞ்சாட்சரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சொந்தக்காரப் பையனே சட்டம் பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும்? விசாரணையில் முதல் கேள்வியே பொட்டு வைத்தது யார் என்பதாகத்தான் இருக்கும் என்று மோகன் சொன்னான். அதற்குத் தினகரனிடம் பதில் தயாராக இருந்தது.

"ஏசுதாசுதான் வெச்சான். கழுவறவன் அவன்தானே? அவனா அடையாளத்துக்கு வெச்சிக்கினான்னு சொல்லிடலாம். அவங்க ஆளே வெச்சான்னா தீண்டாமை எங்கருந்து வரும்? கேஸே நிக்காது."

"அவர் ஒத்துக்கணுமே."

"காலைலயே பேசிட்டேன். ஒத்துக்கினான்."

மோகன் அதைச் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. கேட்காத மாதிரி ஃபைலைப் புரட்டினான். வாசலில் நின்ற பூஜா காபித் தட்டோடு கூடத்துக்குள் நடந்தாள். மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காபியை வைத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே வந்துவிட்டாள்.

பின்னாலேயே தினகரன் வந்தான். அவள் பெயர் வெளியே வரக்கூடாது என்றுதான் இவ்வளவும் செய்கிறேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னான். போலீஸ், கோர்ட் என்று அவளை அலைய விட மனசு வரவில்லை என்றான். நாஷ்டா சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்டான். தினகரன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் பூஜாவுக்கு இத்தனை சங்கடம் இருந்திருக்காது.

அவன் போன பிறகு அவளுக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரகடத்தில் கம்பெனி வேலை பார்த்தபோது நாலு பெண்களோடு ஒரு வாடகை வீட்டில் இருந்தாள். மாதத்தில் அந்த நாட்களில் யாரும் தண்ணீர்த் தொட்டியைத் தொடக்கூடாது என்று வீட்டுக்காரம்மாள் சட்டம் போட்டிருந்தாள். வாடகை வாங்கிக்கொண்டு இதைச் சொல்ல நீங்கள் யார் என்று பூஜா சண்டை போட்டாள். என் வீடு, என் இஷ்டம் என்றாள் அந்த அம்மாள். அந்த மாதமே பூஜா பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேறினாள். அன்று அத்தனை ரோஷப்பட்டவள்தான் இங்கே வந்து நெயில் பாலிஷ் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். தன்னை என்னவென்று சொல்லிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கழனிப் பக்கம் பிளான்ட்டுக்கு நடந்தாள். தூரத்திலேயே தின்னர் வாடை அடித்தது. ஷெட்டுக்குப் பின்னால் ஏசுதாஸ் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கேன் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, துணியைத் தின்னரில் நனைத்துப் பொட்டை அழித்துக்கொண்டிருந்தார். தினகரன் உத்தரவு. துணியெல்லாம் மெரூன் கறை.

"அண்ணா, இன்னாத்துக்கு ஒத்துக்கினீங்க?"

அவர் தலை நிமிரவில்லை.

"பொய் இல்லியேம்மா. என் கையாலதான வெச்சேன்."

"நான் சொல்லித்தானே வெச்சீங்க?"

"நீங்க சொன்னீங்க. இன்னாத்துக்குன்னு கேட்டேன். கணக்குக்குன்னீங்க. கணக்குக்கு இல்லேன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் வெச்சேன்." துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தைத் திருப்பினார். "மொதோ பொட்டு எங்க வூட்டுக் கேனுக்கு வெச்சேன். வேற ஒருத்தன் வூட்டுக் கேனுக்கு மொதோல வைக்க கை வர்ல."

பூஜாவுக்கு, அன்றைக்கு அவரை ஓர் ஆளாகவே நினைத்துப் பார்க்கவில்லையே என்று தோன்றியது. கேனை நினைத்தாள், மாமியாரை நினைத்தாள், வியாபாரத்தை நினைத்தாள். பொட்டு வைக்கிற கையை மட்டும் நினைக்கவில்லை.

பிரிஸ்கில்லா தன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள் என்று ஏசுதாஸ் அவராகவே சொன்னார். தூக்கி வளர்த்த பெண்ணாம். எதிரே வந்தால் சந்தில் திரும்பிப் போய்விடுகிறாளாம்.

"நான் சொல்லிடட்டுமாண்ணா? நான்தான் வைக்கச் சொன்னேன்னு?"

இப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"சொன்னா உங்களுக்கு மனசு லேசாவும். எனக்கு வேலை போவும். யோசிச்சிக்குங்க."

பூஜா வந்த வழியே திரும்பினாள். சொன்னாலும் பாவம், சொல்லாவிட்டாலும் பாவம் என்று ஆகிவிட்டதே என்று வரப்பில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். அழுது என்ன பிரயோஜனம்? வீட்டில் அவளுக்கு இன்னொரு வேலை காத்துக்கொண்டிருந்தது.

பிளான்ட்டில் இருக்கும் கேன்களை அழித்தாயிற்று. காலனி வீடுகளில் இருப்பவற்றை என்ன செய்வது என்று அப்போதுதான் இவர்களுக்கு உறைத்திருந்தது. அவற்றைக் காட்டித்தானே பிரிஸ்கில்லா மனுவே கொடுத்திருக்கிறாள்? புதுக் கேன் கொடுத்து, தண்ணீரும் இலவசமாகக் கொடுத்து, பழையதை வாங்கி வந்துவிடுவது என்று முடிவானது. கூட ஒரு பொம்பளை போனால் நல்லா இருக்கும் என்றாள் ஆதிலட்சுமி. குட்டியானை வண்டியில் கேன்களை ஏற்றிக்கொண்டு தினகரன் ஓட்ட, பூஜா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கல்யாணமாகி வந்து நாலு வருஷமாகிறது. ரோட்டைத் தாண்டிக் காலனிக்குள் அவள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. பஸ் நிறுத்தத்திலிருந்து பார்த்தால் தெரிகிற தெருதான். சின்ன சர்ச், அடுத்து மாரியம்மன் கோயில், கம்பெனி பஸ்ஸுக்குப் போகிறவர்களின் பைக்குகள், வாசல்களில் காலிக் குடங்கள்.

தினகரன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான். பெயர் சொல்லி அழைத்த பெண்களையெல்லாம் இன்று அக்கா என்றான், அண்ணி என்றான். புதுக் கேன் தருகிறோம், தண்ணீருக்குக் காசு வேண்டாம், பழைய கேனை மட்டும் கொடுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னான். பெண்கள் வாசலுக்கு வந்தார்கள், கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தியும் உள்ளே போய்க் கேனை எடுத்து வரவில்லை.

பொட்டு வைத்ததே இந்தக் கேன்கள் காலனியைத் தாண்டி வெளியே வரக்கூடாது என்றுதான். இவர்கள் ஆசைப்பட்டபடியே அவை வெளியே வரவில்லை. இதற்கு யாரை நொந்துகொள்வது?

பிரிஸ்கில்லா தெருக்கோடியிலிருந்து நடந்து வந்தாள். காஞ்சிபுரத்தில் ஒரு லேபில் வேலை, இன்று விசாரணைக்காக லீவு போட்டிருந்தாள். தினகரனை அவள் பார்க்கவே இல்லை. நேராகப் பூஜாவிடம் வந்தாள்.

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் புதியவர்கள் இல்லை. கல்யாணமான புதிதில் பூஜா காஞ்சிபுரத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் ஒரே பஸ்ஸில், பெரும்பாலும் ஒரே சீட்டில் வந்தவர்கள். அப்போதெல்லாம் வா, போதான்.

"வாங்க" என்றாள் பிரிஸ்கில்லா. "தண்ணி எடுத்தாந்தீங்களா?"

அந்த 'ங்க' பூஜாவை அறைந்தது. தலையாட்டினாள்.

"ஒரு நாளு பஸ்ல மயக்கமா வருதுன்னு என் பாட்டில்லருந்து வாங்கிக் குடிச்சீங்க. வாய் வெச்சுக் குடிச்சீங்க. ஞாபகம் கீதா?"

"கீது."

"எனக்கும் கீது."

பிரிஸ்கில்லா தெருப் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"குழாத் தண்ணியில இப்டி பண்ணியிருந்தா கலெக்டர்கிட்ட போயிருப்போம். இது காசு குடுத்து வாங்கற தண்ணி. இதுலகூடவான்னு கேக்கத்தான் மனு குடுத்தேன். தண்ணி வேணும்ன்றவங்க வாங்கிக்குங்க, தப்பு இல்ல. கேனு மட்டும் நம்ம வூட்லயே இருக்கட்டும்."

கேன் கொடுத்தால்தான் தண்ணீர் என்றான் தினகரன். அந்த இடத்திலும் அவனால் வியாபாரியாக இல்லாமல் இருக்க முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஆண்டாளம்மாள் என்ற கிழவி தன் வீட்டுக் காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பேரனுக்கு உப்புத் தண்ணீர் குடித்து இரண்டு நாளாக வயிற்றால் போகிறது, எனக்கு வேறு வழியில்லை என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். தெருவே பிரிஸ்கில்லாவைப் பார்த்தது. அவள் ஆண்டாளம்மாளுக்காக நிறைந்த கேனை வண்டியிலிருந்து தானே இறக்கித் தோளில் வைத்து, கிழவியின் வீடு வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

தினகரன் அந்த ஒற்றைக் கேனை வண்டியில் தூக்கிப் போட்டான். திரும்பி வரும் வழியில் அது தடதடவென்று உருண்டுகொண்டே வந்தது. வீட்டுக் கொல்லையில் அதை வீசிவிட்டு, சாயங்காலம் வந்து அழித்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சட்டை மாற்றப் போனான்.

தாலுகா ஆபீஸில் தாசில்தார் ஒரு நடுத்தர வயது அம்மாள். அதிகம் பேசாதவர். மேஜைக்கு இந்தப் பக்கம் பஞ்சாட்சரம், தினகரன், மோகன். அந்தப் பக்கம் பிரிஸ்கில்லாவும் காலனியிலிருந்து வந்த சிலரும். பூஜா பின்வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். ஏசுதாஸுக்கும் நாற்காலி இருந்தது, அவர் உட்காரவில்லை.

மோகன் முதலில் இது தனியார் வியாபாரம் என்று ஆரம்பித்தான். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் உள்ள விஷயம், அரசாங்கத்துக்கு இதில் வேலையில்லை என்றான். காலையில் மாமாவிடம் தானே சொன்ன பதில் அவனுக்கு மறந்தா போயிருக்கும்? தாசில்தார் அவனை முடிக்க விட்டார். பிறகு, வக்கீல் சார் பதினேழாவது ஷரத்தைப் படித்திருப்பீர்களே என்று மட்டும் கேட்டார். மோகன் உடனே இரண்டாவது வாதத்துக்குத் தாவினான். அடையாளம் வைத்தது தொழிலாளி, அவராக வைத்தார், முதலாளிக்கே தெரியாது.

"நீங்கதான் வெச்சீங்களா?" என்று தாசில்தார் ஏசுதாஸைக் கேட்டார்.

"ஆமாம்மா. நான்தான் வெச்சேன்."

"யார் வைக்கச் சொன்னாங்க?"

ஏசுதாஸ் தரையைப் பார்த்தார். "யாரும் சொல்லல. நானா வெச்சேன்."

பிரிஸ்கில்லா கண்களை மூடிக்கொண்டாள். சித்தப்பாவை இப்படிப் பார்க்க அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் தாசில்தார். "யார் வெச்சாலும் குத்தம் குத்தம்தான். எந்தத் தெரு ஆளுன்னு சட்டம் பாக்காது. நீங்களா வெச்சீங்கன்னு எழுதினா நடவடிக்கை உங்க மேலதான் வரும். போலீஸுக்கும் போவும்."

இதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. கேஸே நிற்காது என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார்கள். அவர் முகம் வெளிறியது. தினகரனைப் பார்ப்பார் என்று பூஜா நினைத்தாள். அவர் பின்வரிசையை, அவளைப் பார்த்தார். சொல்லு என்றும் கேட்கவில்லை, சொல்லாதே என்றும் கேட்கவில்லை. ஒரு நொடி பார்த்துவிட்டு மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டார்.

பூஜா எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் எழுந்தது அவளுக்கே தெரிந்தது.

"நான்தான் வைக்கச் சொன்னேன், மேடம்."

தினகரன் நாற்காலியோடு திரும்பினான். உட்காரு என்று உதட்டை அசைத்தான். அவள் உட்காரவில்லை.

"நெயில் பாலிஷ் என்னோடது. அண்ணா இன்னாத்துக்குன்னு கேட்டாரு, பொய் சொல்லி வைக்க வெச்சேன்."

"எதுக்கு வைக்கச் சொன்னீங்க?"

கணக்குக்கு என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எத்தனையோ தடவை மற்றவர்களிடமும் தன்னிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் பாதியாவது தப்பித்திருக்கலாம்.

"அவங்க வாய் வெச்ச கேனு எங்க வூட்டுக்கு வரக்கூடாதுன்னு."

பஞ்சாட்சரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தாசில்தார் எழுதச் சொன்னார், பூஜாவைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அறிக்கை மேலே போகும், போலீஸ் விசாரிக்கும், நாளையிலிருந்து காலனிக்குத் தண்ணீர் வழக்கம்போலப் போக வேண்டும், கேனில் எந்த அடையாளமும் இருக்கக்கூடாது என்றார். பிளான்ட்டையே இழுத்து மூடிவிடுகிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே பஞ்சாட்சரம் வெளியே நடந்தார்.

அவரையும் மோகனையும் ஏற்றிக்கொண்டு கார் கிளம்பிவிட்டது. தினகரன் பைக்கை ஸ்டார்ட் செய்து, ஒரு கணம் நின்று, பின் சீட்டைக் காட்டாமலே போய்விட்டான்.

மரத்தடியில் பிரிஸ்கில்லா நின்றிருந்தாள். பூஜா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனாள்.

"சொன்னது சரிதான்" என்றாள் பிரிஸ்கில்லா. "அதுக்கு நான் தாங்க்ஸ் சொல்வேன்னு எதிர்பாக்காதீங்க."

"எதிர்பாக்கல."

நிஜமாகவே எதிர்பார்க்கவில்லையா? கொஞ்சம் எதிர்பார்த்திருந்தாள். அதையும் சேர்த்துத் தன்னையே நொந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்து ஏசுதாஸ் கிட்டே வந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். நகக் கண்ணில் மெரூன் இன்னும் இருந்தது.

"நாளைக்கு நான் வேலைக்கு வர்றதா, வேணாமாம்மா?"

வேலை போகும் என்று காலையிலேயே அவர் சொன்னார். மனசு லேசாகும் என்று சொன்னது மட்டும் நடக்கவில்லை.

பிரிஸ்கில்லா சித்தப்பாவின் கையைப் பிடித்தாள். வா சித்தப்பா, பஸ் வந்துடும் என்றாள். பேச்சை நிறுத்தியிருந்தவள் பேசிய முதல் வார்த்தை அது. இருவரும் முன்னே நடந்தார்கள். பூஜா அதே பஸ்ஸில்தான் வந்தாள். பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள், உட்கார இடம் இருந்தும்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். வழியெல்லாம் எதிர்பார்த்து வந்த திட்டு எதுவும் விழவில்லை. பஞ்சாட்சரம் அறையில் படுத்திருந்தார். ஆதிலட்சுமி கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

பூஜாவுக்குத் தொண்டை வறண்டிருந்தது. சமையலறைக்குள் நுழைந்து கேன் பக்கம் போனாள். ஸ்டாண்டில் கேன் இருந்தது, மேலே எப்போதும் இருக்கும் அவளுடைய டம்ளர் இல்லை.

"அதுல எடுக்காதே" என்றாள் மாமியார், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உனுக்குக் கொல்லையில வெச்சிக்கீறேன்."

கொல்லைத் தாழ்வாரத்தில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. அதன்மேல் ஆண்டாளம்மாள் கொடுத்த கேன், கழுவி, நிரப்பி, மூடியின்மேல் பூஜாவின் டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தது. பூஜா குனிந்து பார்த்தாள். முக்காலிச் சந்து வழியாக அடியில் அந்தப் பொட்டு தெரிந்தது. அவளுடைய மெரூன்தான்.

"இனிமே நீ இதுல குடி" என்றது உள்ளேயிருந்து குரல். "உனுக்குத்தான் வித்தியாசம் தெரியாதே."

இந்த அத்தை கல்யாணமான நாளிலிருந்து அவள் தலையைத் தானே வாரிவிட்டவள். காய்ச்சல் என்றால் ராத்திரியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள். பூஜாவுக்கு அழுகை வந்தது, கோபம் வந்தது, வெளியே போய்விடலாமா என்றிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உறுத்தியது. அவளுக்கு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். காலனிக்காரர்களுக்குச் சொல்லாமலே செய்தாள் அவள். இத்தனை மாதமும் அவர்கள் சிரித்த முகத்தோடு வாங்கிக் குடித்தார்கள்.

டம்ளரைக் கழுவித் தண்ணீரைச் சாய்த்துக் குடித்தாள். அதே போர்த் தண்ணீர்தான். இரண்டாவது டம்ளர் நிரப்பும்போது வாசலில் பைக் சத்தம் கேட்டது.

தினகரன் வந்தான். எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்திருப்பான் போல, சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. தண்ணி குடும்மா என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் போனான். உள்ளே கேன் மேல் பூஜாவின் டம்ளர் இல்லாததைப் பார்த்தான், கொல்லைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தான், முக்காலியைப் பார்த்தான். அவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உள்ள குடி, கண்ணு" என்றாள் ஆதிலட்சுமி.

தினகரன் கொல்லை நிலைப்படியில் வந்து நின்றான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அம்மா கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். பூஜா டம்ளரை நீட்டவும் இல்லை, எடுக்கவும் இல்லை. முக்காலியின் மேல், இரண்டு பேருக்கும் நடுவில், நிறைந்தபடியே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் என்ன செய்யப் போகிறான் என்று நிமிர்ந்து பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.